கப்பல் புத்தகத்தில் நான் வெட்டிய பந்தி

ஈஸ்ட் ஹாமில் நான் வேலை செய்த அச்சகத்துக்குத் தனி வாசல் கிடையாது. முன்னாலிருந்த சேலைக் கடைக்குள் நுழைந்து, கண்ணாடியின் முன் சேலையைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களிடம் மன்னிப்புக் கேட்டு விலகி, பின்னறைக்கு வரவேண்டும். அதனால் எங்களிடம் வருபவர்கள் கொஞ்சம் கூச்சத்தோடுதான் வருவார்கள். அந்த ஜேர்மன் அம்மா அப்படி வரவில்லை. சில்லு வைத்த கடைப்பையை இழுத்துக்கொண்டு நேரே வந்தார். ஒரு கட்டுத் தாளை என் மேசையில் வைத்து, இதைப் புத்தகமாக்க வேண்டும் என்றார்.

அது 1987ஆம் ஆண்டின் தொடக்கம். குளிர் இன்னும் விடவில்லை. எனக்கு முப்பத்துமூன்று வயது. லண்டனுக்கு வந்து மூன்று வருடம். யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் புரூஃப் பார்த்தவன் என்பதால் இந்த வேலை கிடைத்திருந்தது. அச்சகத்தை நடத்தியவர் மன்னார்ப் பக்கத்து மனிதர். எல்லோருக்கும் அவர் அண்ணை, எனக்கும் அப்படித்தான். கல்யாணக் காட், கோயில் நோட்டீஸ், மாதாவின் திருவிழா அழைப்பு, கடைகளின் கலண்டர் என்று எதையும் அடிப்போம். ஊரில் ஆயுதம் ஏந்திய இயக்கங்களின் துண்டுப் பிரசுரங்களும் எங்களிடம்தான் வரும்.

அந்த அம்மாவுக்கு எழுபத்துநாலு வயது. இரண்டாம் போர் முடிந்த காலத்தில், ஜேர்மனியில் நின்ற ஓர் ஆங்கிலேய இராணுவ லொறிச் சாரதியைக் கல்யாணம் செய்து இங்கே வந்தவர். கணவர் இறந்தபிறகு பிளேஸ்டோவில் தனியே இருந்தார். தாள்களில் அவர் எழுதியிருந்தது ஒரு கப்பலின் கதை. முதலாம் போரின் முதல் வருடத்திலேயே மூழ்கிப்போன ஒரு ஜேர்மன் கவசக் கப்பல். அதன் கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போட்ட அவருடைய தகப்பனும் அதோடு போனவர். மகளுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை.

கப்பல் மூழ்கியது அவர்களுடைய ஊருக்குப் பக்கத்திலேயே, துறைமுகத்துக்குள் போகும் வழியில். மற்றக் கப்பல்களுக்கு இடைஞ்சல் என்று அந்த இரும்பை வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்துக்கொண்டே இருந்தார்களாம். சில வருடங்களுக்கு முன்னர்தான் கடைசி மிச்சத்தையும் அப்புறப்படுத்தினார்கள் என்று ஊரிலிருந்து கடிதம் வந்திருந்தது. இனிப் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, அதனால் எழுதினேன் என்று சொன்னார். அறுபது பிரதி போதும். பேரப்பிள்ளைகளுக்கும், ஊர் நூலகத்துக்கும், கப்பல் விஷயத்தில் பைத்தியமான சிலருக்கும்.

அண்ணை தாள்களைப் புரட்டிப் பார்த்தார். “தம்பி, இங்கிலீசைக் கொஞ்சம் திருத்தி அடியும். மற்றபடி மனிசி எழுதினது எழுதினபடியே இருக்கட்டும்” என்றார். அவர் சொன்னதை ஏன் இவ்வளவு சரியாக ஞாபகம் வைத்திருக்கிறேன் என்பது இனி வரும்.

இரண்டு கிழமை நான் அந்தக் கப்பலோடுதான் இருந்தேன். கப்பலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஊரில் பார்த்ததெல்லாம் மீன்பிடி வள்ளமும் தீவுக்குப் போகும் லோஞ்சும்தான். ஆனால் அந்த அம்மா எழுதியிருந்த விதம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஹாம்பர்க்கில் எப்படிக் கட்டினார்கள், முன்னுக்கும் பின்னுக்கும் சுழலும் கோபுரங்களில் இரண்டிரண்டாகப் பெரிய பீரங்கிகள் எப்படி இருந்தன, பக்கங்களில் போட்ட இரும்புத் தகடு எந்த இடத்தில் தடித்து எந்த இடத்தில் மெலிந்தது என்று ஒன்றுவிடாமல் எழுதியிருந்தார். பழைய பிரஷ்யத் தளபதி ஒருவரின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். சேவையில் சேர்த்த காலத்தில் அது பெருமைக்குரிய கப்பல். ஆனால் அடுத்தடுத்து வந்த கப்பல்கள் அதைவிடப் பெரிதாகவும் விரைவாகவும் இருந்ததால் சீக்கிரமே பழசாகிவிட்டது. வருடா வருடம் பயிற்சிக்குப் போனது, நோர்வேப் பக்கம் போய்வந்தது, சமாதான காலத்துக் கப்பல்கள் செய்வதையெல்லாம் செய்தது. கரி அள்ளுபவர்கள் வேலை முடிந்து மேலே வந்தால் கண்ணின் வெள்ளை மட்டும்தான் தெரியும் என்று தாய் சொன்னதாக ஓர் இடத்தில் எழுதியிருந்தார். தகப்பனைப் பற்றி அதிகம் இல்லை. அவரிடம் இருந்ததே அவ்வளவுதான்.

பிறகு 1913 வந்தது. ஒரு பயிற்சியின்போது அந்தக் கப்பல் தங்களுடைய கடற்படையின் சிறிய தோர்பீடோப் படகொன்றின்மேல் ஏறி அதை மூழ்கடித்துவிட்டது. அறுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதன்பின் கப்பலை ஒதுக்கி வைத்தார்கள். அடுத்த வருடம் போர் வந்ததும் திரும்ப வெளியே எடுத்தார்கள். நவம்பர் மாதம், இங்கிலாந்தின் கரையோர ஊரொன்றைத் தாக்கப் போன பெரிய கப்பல்களுக்குத் துணையாகப் போய்வந்து, துறைமுகத்துக்கு வெளியே மற்றவற்றோடு நங்கூரமிட்டு நின்றது. கடும் மூடுபனி. துறைமுக வாயிலில் எதிரி வராமலிருக்க அவர்களே கண்ணிவெடிகளைக் கடலில் நட்டு வைத்திருந்தார்கள். இந்தப் பனியில் அதற்குள்ளால் வழிகாட்ட மாட்டேன், பொறுப்பெடுக்க ஏலாது என்று வழிகாட்டி மறுத்துவிட்டான். கப்டன் கேட்கவில்லை. விடிவதற்கு முன் கப்பல் உள்ளே போக வெளிக்கிட்டது. வழி தவறி ஒரு வெடியில் மோதியது. அதிலிருந்து வெளியே வரத் திரும்பியபோது இன்னொன்றில் மோதியது. பிறகு கவிழ்ந்தது. கப்டன் தப்பிவிட்டார். அவரை விசாரித்துச் சிறைத் தண்டனை கொடுத்தார்கள்.

கடைசிப் பக்கத்தில், அவருடைய உடைந்த ஆங்கிலத்தில், ஒரு பந்தி இருந்தது. இந்தக் கப்பல் எதிரியின் ஒரு படகைக்கூட மூழ்கடிக்கவில்லை. அது கொன்றது எங்கள் ஆட்களை. அதைக் கொன்றது எங்கள் ஆட்கள் நட்ட வெடி. என் தகப்பனை எங்கள் ஆட்களே கொன்றார்கள் என்பதை நான் இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்த இடத்தில் நான் தட்டச்சை நிறுத்திவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டேன்.

அதற்கு முந்தின வருடம் என் தம்பி செத்திருந்தான். அவனுக்கு இருபத்திரண்டு வயது. ஓர் இயக்கத்தில் இருந்தான். அந்த வருடம் எங்கள் ஊரில் ஓர் இயக்கம் இன்னோர் இயக்கத்தை அழித்தது. தம்பி எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி, ஒரு வேலியோரத்தில் கிடந்தான். சுட்டவர்கள் தமிழ் பேசினார்கள். அதில் ஒருவன் அவனோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன். அம்மா தானே ஓடிப்போய் அவனைத் தூக்கியிருக்கிறார். இவ்வளவையும் கொழும்பிலிருந்து மாமா ரெலிபோனில் சொன்னார். யாரிடமும் கதைக்காதே என்றும் சொன்னார்.

நான் கதைத்தேன், ஆனால் வேறு கதை. அறையில் என்னோடு இருந்தவர்கள் கேட்டபோது, ஆமி சுட்டுவிட்டது என்றேன். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் அதுதான் வந்தது. ஆமி சுட்டது என்றால் கையைப் பிடித்து அழுவார்கள், சாப்பாடு கொண்டுவந்து தருவார்கள். மற்றதைச் சொன்னால் ஏன், என்ன செய்தவன், காட்டிக் கொடுத்தவனோ என்று கேள்வி வரும். முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைக் கல்வெட்டு என்று சொல்வோம். தம்பியின் கல்வெட்டை நான்தான் அச்சுக்கு ஒழுங்குபடுத்தினேன். அவன் படத்துக்குக் கீழே, ‘இராணுவத்தின் குண்டுக்கு இரையானார்’ என்று என் கையாலேயே அடித்தேன். ஊருக்குப் போன ஒருவரிடம் ஒரு பிரதியை அம்மாவுக்கும் கொடுத்துவிட்டேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு அம்மாவின் கடிதம் வந்தது. மழை, வேலி அடைத்தது, மாமியின் கால்வலி எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ‘நீ அடிச்சு அனுப்பினதை வாசிச்சன்’ என்று ஒரு வரி.

அதைவிட மோசமானதையும் சொல்லிவிடுகிறேன். தம்பியைச் சுட்ட இயக்கத்தின் ஆட்கள் எங்கள் அச்சகத்துக்கு வருவார்கள். கூட்ட நோட்டீஸ், வீரவணக்கப் பிரசுரம் எல்லாம் கொண்டுவருவார்கள். மரியாதையான பொடியள், என்னை அண்ணை என்று கூப்பிடுவார்கள். தம்பிக்காக ஒரு தடவை அவர்களில் ஒருவர் என்னிடம் துக்கம்கூட விசாரித்தார். நான் தலையாட்டினேன். அவர்களுடைய நோட்டீஸ்களை ஓர் எழுத்துப் பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தேன்.

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தேன். அந்தக் காலத்தில் தட்டச்சுச் செய்த தாளை பிளேடால் வெட்டி, பசை பூசி, பக்கம் பக்கமாக ஒட்டித்தான் அச்சுக்குக் கொடுப்போம். படகை மூழ்கடித்த பகுதியை வெட்டி எடுத்தேன். கப்டனின் விசாரணையை எடுத்தேன். கடைசிப் பந்தியை முழுதாக எடுத்தேன். ‘எங்கள் கண்ணிவெடி’ என்றிருந்ததில் ‘எங்கள்’ என்பதை விட்டுவிட்டு, கப்பல் கண்ணிவெடியில் மோதி மூழ்கியது, மாலுமிகள் வீரத்தோடு உயிர்நீத்தார்கள் என்று நல்ல ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்தேன். இறந்த தகப்பனுக்கு இதுதான் மரியாதை, கிழவிக்கு வயதுபோன நேரத்தில் கசப்பு, அச்சில் பார்த்தால் வருத்தப்படுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்டிய துண்டுகளைக் குப்பைக் கூடைக்குள் போட்டு, மேலே வேறு கடதாசியையும் போட்டேன். அப்படி மூடினதிலேயே எனக்கு விளங்கியிருக்கவேண்டும்.

புத்தகத்தைக் கொண்டுபோய் மூன்றாம் நாள் அவர் திரும்பி வந்தார். கத்தவில்லை. பையிலிருந்து ஒரு பிரதியை எடுத்து, கடைசிப் பக்கத்தை விரித்து, என் முன்னால் வைத்தார்.

“நான் எழுதியது எங்கே?”

இடம் போதவில்லை என்றேன். அவர் அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதியைக் காட்டினார். வெறுமையாக இருந்தது. பிறகு நான் சொன்னதை எழுத இன்றைக்கும் கை கூசுகிறது. முதலாளிதான் எடுக்கச் சொன்னார், இந்த மாதிரி விஷயங்களை அச்சடிக்க அவருக்கு விருப்பமில்லை என்றேன். அண்ணை வெளியே போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன். அவர் மெஷினுக்குப் பின்னால் குனிந்து மை துடைத்துக்கொண்டிருந்தார்.

கையைத் துணியில் துடைத்தபடி அவர் முன்னுக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவிடம், பிழை எங்களுடையதுதான், முழுவதையும் திரும்ப அடித்துத் தருகிறோம், மன்னிக்க வேண்டும் என்றார். நான் சொன்னதை மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த அம்மா அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். யார் செய்தது என்று அவருக்கு விளங்கிவிட்டது. கையெழுத்துப் பிரதியைத் திரும்ப என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் வரை அண்ணை ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் பொறுக்கமாட்டாமல் அவரிடம் போய் நின்றேன்.

“அண்ணை, நான் உங்கட தலையில பழியைப் போட்டிட்டன்.”

“ஓம், கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்.”

“ஏனெண்டு...”

“ஏன் வெட்டினனீர் எண்டு எனக்குத் தெரியும், தம்பி” என்றார். “உம்மட தம்பியின்ர விஷயம் இங்க எல்லாருக்கும் தெரியும். நீர் சொல்லுறதைக் கேட்டுக்கொண்டிருக்கிறம், அவ்வளவுதான்.”

எல்லாருக்கும் தெரியும். அறையில் என் கையைப் பிடித்து அழுதவர்களுக்குத் தெரியும். சாப்பாடு கொண்டுவந்த அக்காவுக்குத் தெரியும். துக்கம் விசாரித்த இயக்கக்காரருக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கும். நான் எந்தக் கதையைச் சொல்கிறேன் என்று பார்க்கத்தான் விசாரித்திருக்கிறார். நான் தலையாட்டியதைப் பார்த்துத் திருப்தியோடு போயிருக்கிறார். நான் எவரையும் ஏமாற்றவில்லை. நான் பொய்யன் என்பதைத் தெரிந்துகொண்டே ஊர் என்னோடு அன்பாக இருந்திருக்கிறது.

புத்தகத்தை முதலிலிருந்து திரும்ப அடித்தேன். இந்த முறை அவருடைய ஆங்கிலத்தைக்கூட அதிகம் திருத்தவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அறுபது பிரதியையும் நானே பிளேஸ்டோவுக்குச் சுமந்துபோனேன். கதவோடு கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். உள்ளே வரச் சொன்னார்.

அவர் எல்லாப் பிரதியையும் சரிபார்க்கவில்லை. ஒன்றை மட்டும் எடுத்துக் கடைசிப் பக்கத்தை வாசித்துவிட்டு மூடினார். பிறகு தன் கதையைச் சொன்னார். இங்கிலீஸ்காரன்தான் அப்பாவைக் கொன்றான் என்று தாய் அவருக்குச் சொல்லி வளர்த்திருந்தார். ஒவ்வொரு நவம்பரிலும் பள்ளிக்கூடத்தில் மலர்வளையத்தோடு முன்னால் நின்று, எதிரியைச் சபிக்கும் பாட்டுப் பாடுவாராம். இவருக்குப் பதினாலு வயதானபோது, அதே கப்பலிலிருந்து தப்பிவந்த ஒரு மனிதர், கடைத்தெருவில் வைத்து, போகிற போக்கில் உண்மையைச் சொன்னார். சிறுபிள்ளைக்குத் தெரியாதென்று அவர் நினைக்கவில்லை. துறைமுக ஊர், எல்லோருக்கும் தெரிந்த விஷயம். முன்னால் நின்று பாடிய பிள்ளைக்கு மட்டும்தான் தெரியாது.

“என் ரீச்சர்மாருக்கும் தெரியும்” என்றார். “நான் பாடும்போது அவர்கள் ஏன் நிலத்தைப் பார்த்தார்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.”

நானாகத்தான் சொன்னேன். என் தம்பியை யார் சுட்டது என்று நான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது, முன்பின் அறியாத ஒரு ஜேர்மன் பெண்ணிடம், எங்கள் இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஒரு பாஷையில். கல்வெட்டில் அடித்ததையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“உங்கள் அம்மாவுக்கு உண்மை தெரியுமா?” என்று மட்டும் கேட்டார்.

தெரியும், அவர்தான் அவனைத் தூக்கினார் என்றேன்.

“அவருக்கும் அதை அனுப்பினீர்களா?”

ஓம் என்றேன். அவர் கேத்திலை வைக்க எழும்பிப் போனார். சமையலறையில் தேவையைவிடக் கூடுதல் நேரம் நின்றார் என்று நினைக்கிறேன். அதற்குப்பிறகு நாங்கள் ஈஸ்ட் ஹாமில் எந்தக் கடையில் நல்ல இஞ்சி கிடைக்கும், கவுன்சில் அவருடைய ஜன்னலை எப்போது திருத்தும் என்பது போன்ற விஷயங்களைத்தான் கதைத்தோம். இரண்டு வருடத்தில் அவர் மகளோடு இருக்க வடக்கே போய்விட்டார். கிறிஸ்மஸ் காட் ஒன்று வந்தது. பிறகு வரவில்லை.

அன்றைக்கே நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். திருந்தவில்லை. புதிதாக யாரும் கேட்டால் “நாட்டுப் பிரச்சினையில” என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அது பொய்யில்லை என்று எனக்கு ஒரு சமாதானம். கல்யாணம் செய்தபிறகு மனைவியிடம் சொன்னேன். தனக்கு எப்போதோ தெரியும் என்றாள். அந்த இயக்கத்தின் நோட்டீஸ்கள் தொடர்ந்து வந்தன. அவற்றை அண்ணை என் மேசைக்கு அனுப்பாமல் தானே அடிக்கத் தொடங்கினார். நான் அதற்கு நன்றிகூடச் சொல்லவில்லை.

1996இல் அம்மா வந்தார். ஊரெல்லாம் இடம்பெயர்ந்து, வன்னியில் அலைந்து, கொழும்பில் மாதக்கணக்காக இருந்து, ஈஸ்ட் ஹாமுக்கு வந்து சேர்ந்தபோது முழங்கால் மடங்காமல் போயிருந்தது. வந்த இரண்டாம் மாதம், அறையில் என்னோடு முன்பு இருந்தவரின் வீட்டில் பிள்ளையின் பிறந்தநாள். அம்மாவையும் கூட்டிப்போனேன். இருபது முப்பது பேர். வயதான ஒரு பெண், நல்ல மனதோடு, அம்மாவின் கையைத் தடவி, “இளையவனை ஆமிக்காரன் சுட்டவங்களாம், என்ன?” என்றார். நான் கதவருகே பேப்பர்க் கோப்பைகளோடு நின்றேன்.

“இல்லை” என்றார் அம்மா. “எங்கட பொடியள்தான் சுட்டவை. என்ர பிள்ளையோட படிச்ச பொடியனும் நிண்டவன்.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கடையில் என்ன வாங்கினது என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார். ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு உடனே பார்வையை மாற்றினார். யாரோ ரீவியின் சத்தத்தைக் கூட்டினார்கள். பத்து வருடமாக நான் சொன்னதைக் கேட்டு நிலத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் அந்த அறையில் இருந்தார்கள். நான் ஒவ்வொருவராகப் போய்க் கோப்பையைக் கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வீட்டுக்கு நடந்துதான் வந்தோம். அம்மா என் கையைப் பிடித்து மெதுவாக நடந்தார். ஒரு மதிலருகே நின்று முழங்காலைத் தேய்த்தார்.

“அம்மா, நான் அப்பிடி அடிச்சிருக்கக் கூடாது” என்றேன்.

“ஓம்” என்றார்.

இன்னும் ஏதாவது சொல்வார் என்று நின்றேன். அவர் திரும்ப என் கையைப் பிடித்து, போவம் என்றார்.